மூன்றாம் பாட்டில் இரண்டு அடி

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, காது மூக்கு தொண்டை மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பேக்கரி நடத்தும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரின் வலது காதுக்குப் பின்னால் பொருத்தப்பட்ட கருவி முதல் முறையாக இயக்கப்பட்டது.

அறையில் அவளோடு மூன்று பேர் இருந்தார்கள். கணவர், தம்பி, கேட்புப் பயிற்சி தரும் பெண். கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கேக்குதா?"

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வது அவளுக்குப் பத்து ஆண்டுப் பழக்கம். அதை வைத்துத்தான் கடையை நடத்திவந்தாள். இப்போது உதட்டோடு சேர்ந்து ஏதோ ஒன்று வந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"தகர டப்பாக்குள்ள கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி இருக்கு."

"என் குரலா?"

"ஆமா. காது நல்லா இருந்தப்பவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்துச்சு."

பயிற்சியாளர் சிரித்துவிட்டு விளக்கினார். கருவி காதைத் திருப்பித் தருவதில்லை. சத்தத்தைச் சிறு மின் துடிப்புகளாக்கி உள்ளே அனுப்புகிறது. அது என்ன சத்தம் என்று மூளைதான் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். பேச்சு முதலில் வசப்படும், இசை கடைசியில். அதனால் இசைக்கென்று ஒரே ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். காது போவதற்கு முன்பே நன்றாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். அதையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இடையில் மாற்றக் கூடாது.

"எந்த ஆல்பம்னு நான் சொல்ல மாட்டேன்மா. உங்களுக்குத்தான் தெரியும்."

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் தம்பி பக்கம் திரும்பினார்கள். திரும்பியதில் காரணம் இருந்தது.

தம்பி ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறான். ஞாயிறு இணைப்பில் 'இன்னொரு தடவை' என்ற பத்தியை நெடுங்காலமாக எழுதி வருகிறான். வாரம் ஓர் ஆல்பம். புதிதாக வந்தவற்றை அவன் தொடுவதில்லை. முதல் தடவை ஒன்றுமே சொல்லாமல், ஐந்தாவது தடவை கதவைச் சற்றே திறந்து, இருபதாவது தடவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கும் ஆல்பங்களுக்குத்தான் அங்கே இடம். அவன் பேச்சை நம்பி வாங்கிக் கேட்டவர்கள் நிறையப் பேர். முதல் தடவையோடு நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டுத் திட்டியவர்களும் உண்டு. திட்டாமல் சந்தேகம் மட்டும் கேட்டவர் ஒரு பல் டாக்டர். அத்தான் அவனுக்கு வைத்த பெயர் ரிப்பீட்டு. பெயர் அலுவலகம் வரைக்கும் பரவி, இப்போது காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"ஊருக்கெல்லாம் சொல்றியே, எனக்கு ஒண்ணு சொல்லேன்டா," என்றாள் அக்கா.

ரிப்பீட்டு யோசிக்கவே இல்லை. "நீல அட்டை," என்றான்.

அது ஓர் இசைத்தட்டு. அதற்கு வேறு பெயர் உண்டு. அட்டையின் நிறத்தால் வீட்டில் அதற்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பெண் குரல், கிடார், அக்கார்டியன், டிரம்ஸ். ஒன்பது பாட்டு. முதல் சம்பளத்தில் வாங்கிவந்து, அக்காவுக்குக் கல்யாணம் ஆகிற வரையில் ஒரு வருடம் முழுக்கத் தன் அறையில் அதையே சுழலவிட்டான். நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா சுவரைத் தட்டித் தட்டி ஓய்ந்து, கடைசியில் பாடத்தோடு ஒன்பது பாட்டையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டாள். பயிற்சியாளர் சொன்ன நிபந்தனைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

அவன் பத்தியே அந்தத் தட்டில்தான் தொடங்கியது. முதல் வாரக் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தான்: வீடு மாறியதில் தட்டு சில வருடம் பெட்டிக்குள் கிடந்தது, மறுபடி எடுத்துப் போட்டபோதுதான், மூன்றாம் பாட்டின் நடுவில் டிரம்ஸ்காரர் இரண்டு அடியை வாசிக்காமல் விட்டுவிட்டு மேலே போவது காதில் விழுந்தது, அத்தனை வருடம் கேட்டும் பிடிபடாத ஒன்று, நல்ல ஆல்பம் ஆள் பக்குவப்படும்வரை காத்திருந்துதான் கொடுக்கும். அந்த வரியை வாசகர்கள் பலர் அவனிடமே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆல்பத்துக்குப் பிறகு பாட்டுக்குழு கலைந்துபோனது. ஆல்பம் வேறு வடிவத்தில் வெளிவரவே இல்லை. எனவே ரிப்பீட்டு தன் தட்டையே ஓடவிட்டுக் கணினியில் பதிவுசெய்தான். பழைய தட்டில் வரும் 'டிக் டிக்' சத்தங்கள் அக்காவைக் குழப்பக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தேடி அழித்தான். ஒரு விடுமுறை முழுக்க அதில் போனது. துடைத்த கண்ணாடிபோல இருந்த பதிவை அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

அக்கா அதைக் கடையிலேயே கேட்டாள். மாவு பிசையும் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு சின்ன ஸ்பீக்கர். முதலில் ஒன்பது பாட்டும் ஒரே பாட்டாக இருந்தன. அக்கார்டியன் எது, குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு தாளம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வார்த்தைகள் வந்தன. மார்ச் கடைசியில் ஒரு நாள், தட்டில் பன்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், இது ஆறாவது பாட்டு என்று யாரிடமும் கேட்காமல் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரு பன் கூடுதலாகப் போனது. ஏன் என்று அத்தான் கேட்கவில்லை.

தொல்லை அதன்பிறகுதான் தொடங்கியது.

"நடுவுல டக்குனு ஒண்ணு காணாமப் போகுது டாக்டரம்மா," என்று பயிற்சியாளரிடம் சொன்னாள். "ஓடிட்டே இருக்கு, ஒரு துண்டு இல்ல, மறுபடி ஓடுது."

பயிற்சியாளர் கருவியைக் கழற்றிப் பார்த்தார். ஒலிவாங்கியின் துளைகளில் மாவு அடைத்திருந்தது. சுத்தம் செய்து மூடியை மாற்றினார். அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தாள். துண்டு விழுவது நிற்கவில்லை. ஒயரை மாற்றினார்கள். தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டை மாற்றினார்கள். கடைசியில் ஸ்பீக்கரே வேண்டாம் என்று போனிலிருந்து பாட்டு நேராகக் கருவிக்குப் போகும்படி இணைத்தார்கள். அப்போதும் அதே கதை. வெளியில் இருப்பது எல்லாம் சரியென்றால், அறுவை செய்து மண்டைக்குள் வைத்த பாகத்தில்தான் பழுது.

கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் செய்த சோதனையில் ஒலிகளும் சொற்களும் ஒழுங்காகக் கேட்டன. பேச்சில் இப்படி ஆகிறதா என்று கேட்டதற்கு, பேச்சில் இப்போதும் பாதி வார்த்தையை ஊகித்துத்தான் பிடிக்கிறேன், விட்டதில் எது எதனால் என்று எப்படிச் சொல்ல என்றாள் அக்கா. நியாயமான பதில்தான். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று யாரும் கேட்கவில்லை. கருவிக்குப் பாட்டு தெரியாது. பழுதுக்கு இடம் பொருள் கிடையாது என்பது எல்லோருடைய எண்ணமும்.

கவலைக்குரிய விஷயம் வேறொன்று. முதலில் ஒரு முழு ஆல்பத்துக்கு ஒரு தடவைதான் துண்டு விழுந்தது. இரண்டு வாரம் கழித்து மூன்று. மே மாதத்தில் இன்னும் அதிகம். கோளாறு வளர்கிறது என்றார் அறுவை மருத்துவர். இப்படி வந்து வந்து போகும் பழுது சோதனையில் அகப்படாது, ஒருநாள் மொத்தமாக நின்றுவிடும், அதற்குள் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது நல்லது என்றார். மறுபடி வைத்தால் இதே அளவு கேட்குமா என்று அத்தான் கேட்டார். பெரும்பாலும் கேட்கும் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' அத்தானோடு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டது.

முதல் அறுவைக்குப் பிறகு அக்காவுக்கு வாரக்கணக்கில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அத்தான் தனியாக அடுப்பைப் பார்த்து ரொட்டிகளைக் கரியாக்கினார். அதுகூடப் போகட்டும். இப்போது அவளுக்குக் கடைவாசல் மணி கேட்கிறது. முதுகைக் காட்டி நிற்கும்போதே வாடிக்கையாளர் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறாள். அதையெல்லாம் மேசைமேல் வைத்துவிட்டு ஆபரேஷன் அறைக்குள் போக வேண்டும். திரும்பி வரும்போது அது அங்கே இருக்குமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அறுவை வியாழக்கிழமை என்று முடிவானது. புதன்கிழமை காலை சேர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம், கடை அடைத்திருக்கும் நேரத்தில் ரிப்பீட்டு பேக்கரிக்கு வந்தான். எத்தனை தடவை துண்டு விழுகிறது என்று கடைசியாக ஒருமுறை எண்ணிவரும்படி மருத்துவர் கேட்டிருந்தார். நானும் கூட உட்கார்ந்து எண்ணுகிறேன் என்று அவன்தான் சொன்னான். உண்மையில் அக்காவைத் தனியாக விடப் பிடிக்கவில்லை.

பாட்டு இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்கள். அக்கா சும்மா உட்காரத் தெரியாதவள். மாவை உருட்டிக்கொண்டே கேட்டாள். ஒவ்வொரு தடவை விழும்போதும் மேசையில் தூவியிருந்த மாவில் கட்டைவிரலை ஓங்கி அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பிறகு பள்ளங்களை எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டு பாட்டு ஓடியது. மூன்றாம் பாட்டு வந்ததும் ரிப்பீட்டு வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குப் பிடித்த அந்த இடம் நெருங்கியது. டிரம்ஸ் இரண்டு அடியை விழுங்கியது. அதே நொடியில் மேசை 'தொம்' என்றது.

கண்ணைத் திறந்தான். மாவில் ஒரு பள்ளம். அக்கா அடுத்த உருண்டைக்குப் போய்விட்டாள்.

தற்செயல் என்று நினைத்தான். ஆனால் அதற்குப் பின் வந்த பாட்டு எதுவும் அவன் மனதில் ஏறவில்லை. ஆல்பம் முடிந்ததும் பள்ளங்களை எண்ணாமல், மூன்றாம் பாட்டை மட்டும் மறுபடி போட்டான். அதே இடம், தொம். இன்னொரு தடவை போட்டான். தொம்.

"என்னடா, உன் வியாதி முத்திப்போச்சா?" என்றாள் அக்கா.

"அக்கா, அந்த எடத்துல என்ன காணாமப் போகுது?"

"எந்த எடத்துல?"

"இப்போ குத்தினியே, அங்க. அங்க என்ன இருந்திருக்கணும்?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். பத்து ஆண்டாகத் தன் குரலைத் தானே கேட்காமல் இருந்தவளின் பாட்டு அது; மேலும் கீழும் போகாமல் ஒரே மட்டத்தில் நின்றது. ஆனால் தாளம் பிசகவில்லை. உள்ளங்கையால் மேசையைத் தட்டிக்கொண்டே அந்த வரியைப் பாடினாள். நான்கு அடி, அடுத்தும் நான்கு அடி, அதற்கடுத்தும் நான்கு. எங்கேயும் எதுவும் விடுபடவில்லை. நடுவில், ரிப்பீட்டு நினைவில் இல்லாத ஒரு வார்த்தையும் இருந்தது.

"அந்த வார்த்தை ஏது?" என்றான்.

"பாட்டுல இருக்கறதுதான். ஒரு வருஷம் செவுத்துக்குப் பின்னால இருந்து கேட்டவடா நான். எனக்கே சந்தேகமா?"

ரிப்பீட்டு மனதுக்குள் கணக்குப் போட்டான். அக்கா கேட்டது கல்யாணத்துக்கு முன்பு. அவன் அந்த இரண்டு அடியைக் 'கண்டுபிடித்தது' வீடு மாறிய பிறகு. நடுவில் பெட்டிக்குள் கிடந்தபோது தட்டில் கீறல் விழுந்திருக்க வேண்டும். தட்டு ஒரு சுற்று சுற்ற இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அந்தப் பாட்டின் நடையில் அது சரியாக இரண்டு அடி. கீறலில் மோதிய ஊசி ஒரு சுற்றைத் தாவி அடுத்ததில் விழுந்தால், தாளம் கெடாமல் இரண்டு அடி மட்டும் காணாமல் போகும். தாவும்போது வரும் 'டிக்'கை அவனே கணினியில் உட்கார்ந்து அழித்திருந்தான். மற்ற இடங்களிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அக்காவின் காது தேறத் தேற, மேலும் மேலும் கீறல்கள் அதற்குப் பிடிபட்டிருக்கின்றன. அதைத்தான் எல்லோரும் பழுது வளர்கிறது என்று எண்ணினார்கள்.

அவன் சொல்லச் சொல்ல அக்கா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்.

"நிச்சயமாடா?"

வெறும் ஊகத்தை வைத்து நிச்சயம் என்று சொல்ல முடியாது. தலைக்குள் இருக்கும் கருவி சம்பந்தப்பட்ட விஷயம். கீறல் இல்லாத இன்னொரு தட்டு வேண்டும். அப்போதுதான் அந்தப் பல் டாக்டரின் நினைவு வந்தது. பத்தி தொடங்கிய வாரமே அலுவலகத்துக்குப் போன் செய்தவர். என்னிடமும் அந்தத் தட்டு இருக்கிறது, மூன்றாம் பாட்டில் அப்படி எதுவும் இல்லையே என்று பணிவாகத்தான் கேட்டார். இன்னும் சில தடவை கேளுங்கள் டாக்டர், கேட்கும் என்று அவன் பதில் சொன்னான். அவர் போனை வைத்த சத்தம் பணிவாக இல்லை.

கிளினிக் எண்ணைத் தேடிக் கூப்பிட்டான். யார் பேசுவது என்று சொன்னதும் டாக்டர் கேட்டார். "என்ன சார், நான் போதுமான தடவை கேட்டுட்டேனா?"

சாயங்காலம் ரிப்பீட்டு வீட்டில் நான்கு பேர் கூடினார்கள். டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நீல அட்டையை மார்போடு அணைத்தபடி வந்தார். வழக்கு ஜெயித்தவர் போன்ற நடை. ஆனால் போனில் விஷயத்தைக் கேட்டிருந்ததால் எதுவும் பேசாமல் தட்டைத் தாமே பிளேயரில் வைத்து, ஊசியைத் தாமே இறக்கினார். அக்கா மேசையின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள். அத்தான் அந்த விரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மூன்றாம் பாட்டு வந்தது. அந்த இடமும் வந்தது. டிரம்ஸ் நான்கு அடியையும் வாசித்தது. அக்கா பாடிக்காட்டிய வார்த்தை அதன் இடத்தில் இருந்தது. விரல் அசையவில்லை.

ஒரு பக்கம் முடிந்தது. டாக்டர் தட்டைத் திருப்பிப் போட்டார். அதுவும் முடிந்தது. விரல் அப்படியே இருந்தது. அத்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது.

"பாட்டு முழுசா இருக்குடா," என்றாள் அக்கா. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அதன் பொருள் உறைத்திருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், கருவி இருக்கிறதா என்று பார்ப்பவள்போலத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்து ரிப்பீட்டின் தட்டைப் போட்டார்கள். விரல் அடித்த அடியில் மேசைமேல் இருந்த டம்ளர்கள் குலுங்கின. ஒவ்வொரு அடிக்கும் அத்தான் ஜன்னலோரம் நின்றபடியே சிரித்தார். இத்தனை நாள் பயமுறுத்திய அதே விஷயம் இப்போது அவருக்கு வேடிக்கையாகிவிட்டது. கடைசியில் திரும்பி, "ஏன் மச்சான், கீறலுக்கு ஒரு கட்டுரை எழுதின முதல் ஆளு நீதானா?" என்றார்.

"எழுதி, ஊரையே ரசிக்கவும் வெச்சிருக்கார்," என்றார் டாக்டர். "எனக்குத் தெரிஞ்சு நாலு பேர் அந்த ரெண்டு அடி கேட்கலையேன்னு வருத்தத்துல இருக்காங்க. நானே ஒரு மாசம் காதைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

ரிப்பீட்டு இரண்டு தட்டுகளையும் விளக்கடியில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடையதில் மூன்றாம் பாட்டின் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. அத்தனை வருடம் கேட்டதற்கு ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்திருக்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சு லேசாக இருந்ததால் வெட்கத்துக்கு அங்கே அதிக இடம் கிடைக்கவில்லை. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டான். டாக்டர் அதை ஏற்றுக்கொண்டு, அக்கா கொண்டுவந்திருந்த பன்களில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை பல்லுக்கு ஆகாது என்று சொல்லி மூன்றாவதை எடுத்துக்கொண்டார். அன்றிரவு அவருடைய தட்டை ரிப்பீட்டு பதிவுசெய்தான். இந்த முறை எந்தச் சத்தத்தையும் அழிக்கவில்லை.

புதன்கிழமை காலை துணிப்பெட்டியோடுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அத்தான் அதைத் தூக்கிவந்தார். பயிற்சியாளர் கதையை முழுக்கக் கேட்டார். ஆனால் கதையை வைத்து எதையும் முடிவுசெய்ய மாட்டேன் என்றார். இரண்டு பதிவுகளையும் தன் கணினியில் ஏற்றி, திரையை அக்காவுக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி நேராகக் கருவிக்கு அனுப்பினார். ரிப்பீட்டின் பதிவு ஓடும்போதெல்லாம் விரல் விழுந்தது. டாக்டரின் பதிவு ஓடும்போது ஒரு தடவைகூட விழவில்லை.

பயிற்சியாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "உள்ள இருக்கற கருவிக்கு ஒண்ணும் இல்லைம்மா. இவ்வளவு நுணுக்கமா கேட்கறவங்க என்கிட்ட ரொம்பக் கம்மி."

"அப்போ பெட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போலாமா?" என்றார் அத்தான்.

அறுவை மருத்துவர் பதினோரு மணிக்கு வந்து இரண்டு பதிவுகளையும் தன் காதாலேயே கேட்டார். வியாழக்கிழமை அறுவை ரத்து செய்யப்பட்டது. அந்த நேரம் வரிசையில் அடுத்து இருந்த ஒரு லாரி ஓட்டுநருக்குக் கொடுக்கப்பட்டது. ஞாயிறு இணைப்பில் 'இன்னொரு தடவை' பத்தியின் அடியில் ஒரு திருத்தம் வெளியானது: முதல் வாரம் பரிந்துரைத்த ஆல்பத்தின் மூன்றாம் பாட்டில் டிரம்ஸ்காரர் எதையும் விடவில்லை, பத்தியாளரின் தட்டில் கீறல் இருந்தது. பேக்கரி வியாழக்கிழமை வழக்கமான நேரத்தில் திறந்தது.